இங்கிலாந்துக் கிராமத்தையும் அதன் மாளிகைத் தோட்டத்தையும் காட்டும் பழைய அஞ்சலட்டையின் காலத்தை எப்படிக் கணிப்பது?

முதலில் அட்டையைத் திருப்புங்கள். பின்பக்கம் நடுக்கோடு இருந்தால் 1902-க்கு முந்தியதல்ல. அதற்கு முன் அந்தப் பக்கம் முகவரிக்கு மட்டுமே. செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதினார்கள். ஒட்டியிருக்கும் தபால்தலையின் மதிப்பையும் பாருங்கள்: அஞ்சலட்டைக்கு உள்நாட்டுக் கட்டணம் 1918 ஜூன் வரை அரை பென்னி, பிறகு ஒரு பென்னி.

பலர் ஏமாறுவது தபால் முத்திரையில். அது அட்டையை அனுப்பிய நாள்தான், படமெடுத்த நாள் அல்ல. ஒரே நெகட்டிவை ஆண்டுக்கணக்கில் அச்சிட்டு விற்றார்கள். ஆகவே படத்துக்குள்ளேயே தேடுங்கள்: தந்திக் கம்பம், பெட்ரோல் பம்ப், போர் நினைவுத் தூண். முதல் உலகப்போர்த் தூண்களில் பெரும்பாலானவை 1919-க்குப் பின் எழுந்தவை.

தோட்டப் படம் கடினம். அங்கே கடையோ வண்டியோ இருக்காது. செடி வளர்க்கும் கண்ணாடி வீடு, செயற்கை ஏரி, வண்டிப்பாதையின் வளைவு ஆகியவற்றை பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் 25 அங்குல (ஒரு மைலை சுமார் 25 அங்குலமாகக் காட்டும்) வரைபடப் பதிப்புகளோடு ஒப்பிடுங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். படத்தில் உள்ள கண்ணாடி வீடு ஒரு பதிப்பில் இல்லாமல் அடுத்ததில் வந்திருந்தால் உங்கள் கால எல்லை சுருங்கும்.

வண்ணத்தை நம்ப வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அச்சகத்தில் ஏற்றியதே அதிகம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் புள்ளி வலை தெரிந்தால் அது புள்ளிகளால் அச்சிட்ட படம்; எவ்வளவு பெரிதாக ஸ்கேன் செய்தாலும் விவரம் கூடாது.