தரையோடு தரையாக ஃபிலிம் கேமரா: தரையில் வைத்து நான் எடுத்த நெருஞ்சிப் பூ புகைப்படத்தைப் பார்த்தவர்கள் கேட்டவை

கேள்வி: சார், என்னிடம் இருப்பது நிகான் எஃப்எம்2. தரையில் வைத்துவிட்டால் வ்யூஃபைண்டரில் கண் வைக்க முடியவில்லை. கன்னத்தை மண்ணில் பதித்தும் பார்த்தேன், கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். வேறு வழி உண்டா?

நிகானின் எஃப்3 என்றால் தலையில் கூம்பாக இருக்கும் ப்ரிஸத்தை (பிம்பத்தைத் திருப்பிக் கண்ணுக்கு அனுப்பும் கண்ணாடிக் கட்டி) கழற்றிவிட்டு, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் மேலிருந்தே பார்க்கலாம். இடம் வலம் மட்டும் மாறித் தெரியும். எஃப்எம்2-வில் அது கழலாது. கண் வைக்கும் இடத்தில் மாட்டுகிற எல் வடிவ ஃபைண்டர் பழைய கேமரா விற்பவர்களிடம் எப்போதாவது கிடைக்கும்.

ஆனால் நான் பார்க்காமலேதான் எடுக்கிறேன். 28 மி.மீ. அகன்ற லென்ஸ், எஃப்/16 (லென்ஸின் ஒளித்துளையை நன்றாகச் சுருக்கும் எண்), ஃபோகஸ் 1.6 மீட்டர். 80 செ.மீ.யிலிருந்து அடிவானம் வரை தெளிவாக விழும். எண்ணைத் தேடக்கூட வேண்டாம். படுத்த எட்டு போல ஒரு முடிவிலிக் குறி இருக்கிறதே, அதை லென்ஸில் 16 என்று எழுதியிருக்கும் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்தால் சரி. அப்புறம், கேமராவை மட்டமாக வைத்தால் அடிவானம் நட்டநடுவில்தான் விழும், கீழ்ப்பாதி முழுக்க மண். லென்ஸுக்கு அடியில் ஒரு தீப்பெட்டியைப் படுக்க வைத்து முகத்தைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, அப்பாவின் பழைய காம்பாக்ட் கேமராவில் புல்வெளியை எடுத்தேன். ஃபைண்டரில் பளிச்சென்று இருந்தது. கழுவி வந்த படத்தில் பாதியைப் பச்சையாக ஏதோ மறைக்கிறது. ஃபிலிம் கெட்டுப்போயிருக்குமா?

ஃபிலிம் நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. உங்கள் கேமராவில் நீங்கள் பார்க்கும் ஓட்டை மேலே, படம் எடுக்கும் லென்ஸ் அதற்கு மூன்று நான்கு செ.மீ. கீழே. நின்றுகொண்டு எடுக்கும்போது அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தரையில் ஒரு புல் இதழ் வளர்ந்து நிற்கும் உயரமே அவ்வளவுதானே!

நானும் இதில் நன்றாக ஏமாந்திருக்கிறேன். யாஷிகா மேட் 124ஜி-யில் இரண்டு லென்ஸ். மேலே இருப்பது பார்க்க, கீழே இருப்பது எடுக்க. ஒருமுறை வரப்பில் வைத்து ரசித்து ரசித்து எடுத்தேன். பன்னிரண்டு படத்தில் ஒன்பதில் ஒரு மண்ணாங்கட்டிதான் கதாநாயகன். அன்றிலிருந்து ஷட்டரைத் தொடும் முன் கீழ் லென்ஸுக்கு எதிரே ஒருமுறை கையால் துழாவிப் பார்ப்பது வழக்கம். நெருஞ்சிக் காட்டில் அதையும் யோசித்துச் செய்யுங்கள். பூவின் மஞ்சளை ரசிக்கும்போது முள்ளின் ஞாபகம் வராது. என் முழங்கையில் ஏறியதை எடுக்க ஊக்கு தேவைப்பட்டது.

கேள்வி: மார்கழிக் கோலத்தைத் தரை மட்டத்திலிருந்து எடுக்க ஆசை. விடியற்காலை வெளிச்சத்துக்கு 400 ஐஎஸ்ஓ ஃபிலிம் போதுமா மேடம் என்று அக்கா கேட்கச் சொன்னாள்.

மேடம் இல்லை, சார். பரவாயில்லை.

போதும், குறைந்த வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளும் ஃபிலிம்தான் அது. தரையை விட உறுதியான முக்காலி கிடையாது. 1/8 நொடி, 1/4 நொடி எல்லாம் தாராளமாகப் போகலாம். விரலால் அழுத்தாமல் டைமரை இழுத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

என் சந்தேகம் கோலத்தின் மேல்தான். நின்று பார்த்தால் பதினைந்து புள்ளிக் கோலம், தரையில் படுத்துப் பார்த்தால் நான்கைந்து வெள்ளைக் கீற்று. நடுவில் சாணி உருண்டையில் செருகிய பூசணிப் பூவைக் குறிவையுங்கள். அந்த உயரத்தில் அது குன்றின் மேல் விளக்கு மாதிரி நிற்கும், கோலம் பின்னால் மங்கலாக விரியும். 50 மி.மீ. லென்ஸில் அரை மீட்டர் தூரம், எஃப்/5.6. தெளிவாக விழும் ஆழம் இரண்டு, இரண்டரை செ.மீ.தான், எனவே இங்கே குத்துமதிப்பு உதவாது. தையற்காரர் டேப்பால் அளந்துவிடுங்கள். லென்ஸின் முனையிலிருந்து அளக்கக் கூடாது. கேமராவின் மேல்தகட்டில் வட்டத்தைக் குறுக்கே வெட்டும் கோடு ஒன்று இருக்கும். ஃபிலிம் இருக்கும் இடம் அது, லென்ஸில் எழுதியிருக்கும் தூரம் அங்கிருந்துதான் கணக்கு.

கோலம் போட்ட வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். விடியலில் வாசலில் யாரோ குப்புறக் கிடந்தால் பயப்பட மாட்டார்களா?

கேள்வி: கீழே இருந்து கோபுரத்தை எடுத்தால் கறுத்துப்போகிறது.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வானத்தைப் பார்த்து மயங்குகிறது. அதே வெயில் படும் தரையை அளந்து, அந்த அளவை வைத்துவிட்டு எடுங்கள். நெகட்டிவ் ஃபிலிம் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரு மடங்கு, கூடினால் பொறுக்கும், குறைந்தால் முறைக்கும். மீட்டரே இல்லையென்றால் நல்ல வெயிலில் 400 ஃபிலிமுக்கு எஃப்/16, 1/500 நொடி.

கேள்வி: கடற்கரை மணலில் அப்படியே வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். நான் ஒரு எவர்சில்வர் தட்டும், பச்சைப்பயறு நிரப்பித் தைத்த துணிப்பையும் கொண்டுபோகிறேன். தட்டு மணலில், பை தட்டில், கேமரா பையில். அங்கேயே உட்கார்ந்து ரோல் மாற்றாதீர்கள். ஃபிலிம் டப்பாவின் வாயில் இருக்கும் வெல்வெட்டில் ஒரே ஒரு மணல் ஒட்டினால் போதும், 36 படத்துக்கும் குறுக்கே ரயில் தண்டவாளம் மாதிரி கோடு விழும். லென்ஸில் பட்ட மணலைத் துடைக்காமல் ரப்பர் பம்பால் ஊதுங்கள்.

கேள்வி: டிஜிட்டலில் மடக்குத் திரை இருக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?

என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஆனாலும் பார்க்காமல் எடுத்துவிட்டு, பத்து நாள் கழித்து வந்த நெகட்டிவை ஜன்னலில் பிடித்துப் பார்க்கும் பைத்தியம் எனக்குத் தெளியவில்லை.

காசை மிச்சம் பிடிக்க ஒரு வழி. முதலில் போனைத் தலைகீழாகப் பிடித்து அதே இடத்தில் வையுங்கள். அதன் லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும். பெரும்பாலான போன்களின் முதன்மை லென்ஸ் 24 முதல் 26 மி.மீ.க்கு ஈடு, உங்கள் 28-க்குக் கிட்டத்தட்ட பக்கத்து வீடு. மண்ணாங்கட்டி இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.