திவானி என்றால் வரி வசூல் மட்டும்தானா?

கேள்வி: குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். 1765இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வங்காளத்தின் திவானி கிடைத்தது. வரி வசூல் உரிமைதானே, அதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்? நிஜாமத்தோடு சேர்த்துப் படித்தால் குழம்பிவிடுகிறது.

பதில்: ஆண்டுகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முகலாய மாகாணத்தில் திவான் யார் என்பது பிடிபட்டால் மற்றது தானாக விளங்கும்.

சுபேதார், அதாவது மாகாண ஆளுநர், கையில் படை, காவல், குற்ற வழக்குகள், அது நிஜாமத். திவான் கையில் நிலவரி, கஜானா, சொத்து வழக்குகள், அது திவானி. திவான் சுபேதாருக்குக் கீழே வேலை பார்ப்பவர் அல்ல. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அக்பர் ஆட்சியின் பிற்பகுதியிலிருந்து மாகாண திவான் நேரே தலைநகரத் திவானுக்குத்தான் கணக்குக் காட்டினார். படை வைத்திருப்பவரிடம் பணமும் சேர்ந்தால் அவர் தனி ராஜாவாகிவிடுவார் என்ற பயம்.

இது வெறும் ஏட்டு விதியாக இருக்கவில்லை. 1700 வாக்கில் ஔரங்கசீப் வங்காளத்துக்குத் திவானாக அனுப்பியவர், பின்னாளில் முர்ஷித் குலி கான் என்று பெயர்பெற்றவர். அங்கே சுபேதார் ஔரங்கசீப்பின் பேரன் அசிம்-உஷ்-ஷான். திவான் கஜானாவை இறுக்கிப் பிடித்ததும் பகை மூண்டது. டாக்காவில் சம்பளப் பாக்கி கேட்டுப் படைவீரர்கள் திவானை வழிமறித்தார்கள். இதில் இளவரசரின் கை இருக்கிறது என்று அவர் பாதுஷாவுக்கு எழுதினார். பாதுஷா கண்டித்தது தன் பேரனைத்தான்! திவான் அலுவலகத்தை மக்சூசாபாத்துக்கு மாற்றிக்கொண்டார். இன்றைய முர்ஷிதாபாத் அதுதான்.

ஔரங்கசீப்புக்குப் பின் டெல்லி தளர்ந்தது. 1717இல் அதே முர்ஷித் குலி கான் நாஜிமும், அதாவது நிஜாமத்தை நடத்தும் சுபேதாரும், ஆனார். இப்படி ஆண்டவர்களைத்தான் வங்காள நவாப் என்கிறோம். பயந்தபடியே இரண்டும் ஒரே கையில் சேர்ந்தன.

இப்போது 1765க்கு வாருங்கள். முந்தைய ஆண்டு பக்சரில் வென்ற கம்பெனியிடம் படை ஏற்கெனவே இருந்தது. ஆகஸ்ட் 12 அன்று முகலாயப் பாதுஷா இரண்டாம் ஷா ஆலம், ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய்க்கு வங்காளம், பீகார், ஒரிசாவின் திவானியைக் கொடுத்ததும் கஜானாவும் வந்துவிட்டது. பெயருக்கு நிர்வாகப் பொறுப்பு நவாபிடம். அவருக்கோ கம்பெனி தரும் உதவித்தொகைதான் வருமானம். 1769-70 பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோதும் வசூல் கெடுபிடி தளரவில்லை. அதிகாரம் ஒருவரிடம், பழி இன்னொருவரிடம் என்ற இந்த இரட்டை ஆட்சி எவ்வளவு கொடுமையானது என்பதை விடையில் அழுத்தமாக எழுதுங்கள். 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அதை முடித்து, வசூலைக் கம்பெனியின் நேரடிப் பொறுப்பில் கொண்டுவந்தார்.

அப்புறம், கொள்குறி வினாவில் ஒரு பொறி உண்டு. திவானியைக் கொடுத்தவர் நவாப் அல்ல, பாதுஷா. நிஜாமத்தின் மீதான பிடி, 1765 பிப்ரவரியில் நவாப் நஜ்முத்தௌலாவோடு செய்த ஒப்பந்தத்தில் கிடைத்தது.