ரிசார்ட்டுக்கு எடுத்த படமும் குறிஞ்சிப் படமும் ஒன்றல்ல

கேள்வி: மூணாறில் ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபராக இருக்கிறேன். ஒரு ரிசார்ட்டுக்கு இரண்டு நாள் படமெடுத்து 15,000 ரூபாய் வாங்கினேன். எழுத்தில் எதுவும் இல்லை. அதே படங்கள் இப்போது புக்கிங் தளத்திலும், கொச்சியில் விளம்பரப் பலகையிலும் இருக்கின்றன. கூடுதல் பணம் கேட்கலாமா? இன்னொன்று, 2018இல் நானாக எடுத்த நீலக்குறிஞ்சிப் படத்தைத் தேயிலை பாக்கெட்டில் போட ஒரு கம்பெனி கேட்கிறது. "மொத்தமா ஒரு ரேட் சொல்லுங்க" என்கிறார்கள். எவ்வளவு சொல்வது?

பதில்: ரிசார்ட்டிடம் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இல்லை. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க ஒப்பந்த மாதிரிகளைப் படித்துவிட்டு, எடுத்தவருக்கே எப்போதும் உரிமை என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். இங்கே கதை வேறு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் பேசி எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். மாறான ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே அது உங்களுக்கு. ஆகவே அந்தப் படங்களைப் புக்கிங் தளத்துக்குக் கொடுக்க ரிசார்ட்டுக்கு உரிமை உண்டு. உங்களுக்கு மிஞ்சுவது 57ஆம் பிரிவு: எடுத்தவர் நீங்கள் என்று உரிமை கோரலாம், உங்கள் பெயருக்குக் கெடுதல் வரும்படி படத்தைச் சிதைத்தால் எதிர்க்கலாம். இதை வைத்துச் சண்டைக்குப் போவதைவிட, அடுத்த சீசன் வேலையை ஒழுங்கான கொட்டேஷனோடு கேட்பது லாபம்.

அந்தக் கொட்டேஷனில் இரண்டு தொகைகள் தனித்தனியாக இருக்கட்டும்: எடுப்பதற்கான கூலி, பயன்படுத்துவதற்கான கட்டணம். முதலாவது வெறும் கணக்கு. வீட்டுச் செலவு ஆண்டுக்கு 4,20,000, கேமரா தேய்மானம், மென்பொருள், வண்டி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து 1,80,000 என்று வையுங்கள். ஆக 6,00,000. மழை மாதங்களைக் கழித்தால் காசு வரும் வேலை நாள் 80 தேறலாம். நாளுக்கு 7,500. இரண்டு நாள் படப்பிடிப்பு, ஒரு நாள் எடிட்டிங் என மூன்று நாளுக்கு 22,500 ஆகிறது. நீங்கள் வாங்கிய 15,000 எடிட்டிங் நாளைக் கணக்கில் எடுக்கவில்லை. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.

இதன்மேல்தான் பயன்பாட்டுக் கட்டணம். ரிசார்ட்டின் சொந்த வலைத்தளம், சமூக ஊடகம் இரண்டும் ஓராண்டுக்குக் கூலிக்குள்ளேயே அடங்கட்டும். புக்கிங் தளங்களுக்கு 25 சதவீதம், விளம்பரப் பலகைக்கு 50 சதவீதம் கூட்டினால் 39,375 வரும். இந்தச் சதவீதங்கள் பேரத்தைத் தொடங்க மட்டுமே. உங்கள் வாடிக்கையாளரைப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். "பதிப்புரிமை புகைப்படக்காரரிடமே இருக்கும், முழுப்பணம் வந்த பிறகே பயன்பாட்டு உரிமம் தொடங்கும்" என்ற வரியை அதில் சேர்த்து, படப்பிடிப்புக்கு முன்பே மின்னஞ்சலில் சம்மதம் வாங்குங்கள். இடையில் விளம்பர ஏஜென்சி இருந்தால், உரிமம் யார் பெயருக்கு என்பதையும் எழுதுங்கள்.

சின்ன கோப்பாகக் கொடுத்தால் வேறெங்கும் பயன்படுத்த மாட்டார்கள் என்று பிக்சலை நம்பிப் பூட்டுப் போட முடியாது. வெப்புக்கென்று கொடுத்த 2,048 பிக்சல் படம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 17 செ.மீ. அகலத்துக்கு அழகாக அச்சாகும். ஒரு பாக்கெட்டுக்கு அது தாராளம். தூரத்திலிருந்து பார்க்கும் 20 அடிப் பலகைக்கோ 20 டிபிஐ போதும், அதாவது 4,800 பிக்சல். சாதாரண 24 மெகாபிக்சல் கேமராவே 6,000 தருகிறது. ஆகவே காப்பது கோப்பின் அளவல்ல, எழுத்துதான்.

குறிஞ்சிப் படத்துக்கு வருவோம். யாரும் சொல்லாமல் நீங்களாக எடுத்தது, முழு உரிமையும் உங்களுடையது. "மொத்தமா" என்றால் என்ன என்று முதலில் திருப்பிக் கேளுங்கள். எந்தப் பாக்கெட், எந்த மாநிலங்கள், எத்தனை ஆண்டு, வேறு கம்பெனிக்கு விற்கக் கூடாதா? ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா முழுக்க என்றும் எடுத்துக்கொள்ளும். இரண்டுமே நீங்கள் நினைத்ததைவிட அதிகமாக இருக்கலாம்.

நாள் கூலியை அடிப்படையாக வைத்தால், பாக்கெட் முன்பக்கத்துக்கு இருமடங்கு 15,000. தேயிலைக்கு மட்டும் தனியுரிமை (வேறு தேயிலைக் கம்பெனிக்கு விற்பதில்லை) என்றால் அதில் பாதி கூட்டி 22,500, ஓராண்டுக்கு. மூன்றாண்டுக்கு இரண்டரை மடங்கு 56,250 கேட்கலாம். சோப்புக்கோ நாட்காட்டிக்கோ விற்கும் வாய்ப்பு உங்கள் கையிலேயே இருக்கும். அந்தப் படத்தை ஏற்கெனவே ஸ்டாக் தளத்தில் (யார் வேண்டுமானாலும் படம் வாங்கும் இணையத் தளம்) ஏற்றியிருந்தால் தனியுரிமை பற்றி வாயே திறக்காதீர்கள். கொடுக்க முடியாததை விற்றதாக ஆகிவிடும்.

பேரத்தில் உங்களுக்குச் சாதகம், மூணாறில் குறிஞ்சியின் அடுத்த பெரும்பூப்பு 2030இல்தான். அதுவரை அந்தப் பெரும்பூப்பைப் புதிதாக எடுத்துத் தருகிறேன் என்று யாரும் வர முடியாது. ஆனால் 2018இல் மூணாறு அருகே உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு வந்த கேமராக்கள் கொஞ்சமல்ல, உங்கள் படம் ஒன்றுதான் உலகில் இருப்பதுபோல விலை சொன்னால் நழுவிவிடுவார்கள். 2030 தாண்டினால் சந்தையில் புதுப்படங்கள் குவியும். விற்பதை அதற்குள் விற்றுவிடுங்கள்.

படத்தில் கொழுந்து பறிக்கும் பெண் அடையாளம் தெரியும்படி இருந்தால், விளம்பரத்துக்குப் போகும் முன் அவர் சம்மதம் வேண்டும். தாளைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி, ஒரு தொகையும் கொடுங்கள். நம் எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இங்கிலீஷ் படிவத்தை நீட்டி வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல மனம் வராது.

பில் விஷயம்: தேனிக்குப் பில் போட்டால் மாநிலம் தாண்டியதற்காகவே ஜிஎஸ்டி கட்டாயம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். சேவைகளுக்கு அப்படியில்லை, ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு தேவையில்லை. கம்பெனிகள் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்கலாம். பில்லில் பான் எண் இல்லையென்றால் அது 20 ஆகிவிடும்.