'கலா' வெறும் இரைச்சலா? தப்பு மேளம் கேட்டு வளர்ந்த ஒருவனின் பதில்

"இலண்டனில் வாழும் இலங்கைத் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. என்ற மாயாவின் 'கலா' இசைத்தொகுப்பை மேற்கத்திய விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். நான் மூன்று முறை கேட்டும் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் பிடிபடவில்லை. தமிழர் என்பதற்காக நாம் இதை ரசித்தே ஆகவேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ரசித்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் 'இரைச்சல்' என்ற சொல்லைக் கண்ட பிறகு பதில் எழுதாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை, அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு.

நீங்கள் வீணையும் வயலினும் கேட்டு வளர்ந்தவர் என்றும், இந்தத் தொகுப்பைத் தனியே உட்கார்ந்து காதொலிப்பானில் கேட்டிருப்பீர்கள் என்றும் ஊகிக்கிறேன். தவறென்றால் மன்னியுங்கள். நான் இசை கற்றவன் அல்லன். சுர ஞானம் எதுவும் எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து நிரூபிக்க வேண்டியதில்லை.

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவன் நான். என் தாத்தா பிரட்டுத் தப்பு அடித்தவர், பிரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டம். விடிவதற்கு முன் அவர் தப்பை அடித்தால்தான் மலைக்குப் போகிறவர்கள் எழுந்து பிரட்டுக்களத்துக்கு வருவார்கள். சங்கு ஊதத் தொடங்கிய பிறகு அந்த வேலை போயிற்று, தப்பு மட்டும் அப்பாவிடம் தங்கியது. மாசி மாதத்தில், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கு அவர் அடிப்பார், சாமி ஊர்வலத்துக்கு அடிப்பார், சாவுக்கும் அடிப்பார். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. எங்கள் லயத்துக் குழந்தைகள், எட்டத்தில் கேட்கும் தப்பை வைத்தே எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடும்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த ஆண்டில், பாடசாலைத் தமிழ்த் தினப் போட்டிக்கு ஒரு குழு நிகழ்ச்சி கேட்டார்கள். நானும் மூன்று நண்பர்களும் தப்பும் உறுமியும் வைத்துக் கூத்துப் பாடல் ஒன்றைத் தயாரித்தோம். ஒத்திகையை இரண்டு நிமிடம் கேட்ட ஆசிரியர், "இந்த இரைச்சலை மேடையில் ஏற்றினால் தமிழ்த் தினமா, சாவு வீடா என்று கேட்பார்கள். மிருதங்கம் இருந்தால் கொண்டுவாருங்கள்" என்றார். எங்கள் நான்கு வீடுகளில் எதிலும் மிருதங்கம் இருந்ததில்லை. அவர் தாளத்தை மட்டும் மறுக்கவில்லை என்பது எங்களுக்குப் புரிந்தது, தப்பு என்பது அதைத் தொட்டவன் எந்த வீட்டுப் பிள்ளை என்பதைக் கேட்காமலே சொல்லிவிடும் கருவி. அந்த ஆண்டு நாங்கள் தேநீர்க் கோப்பைகளை அடுக்கும் வேலையைச் செய்தோம்.

இனி உங்கள் கேள்வி. 2008 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எங்கள் பகுதி இளைஞர்கள் பலரைப் போல நானும் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். இலண்டனில் இருந்து வந்திருந்த அவருடைய சகோதரியின் மகன் ஒருநாள் பொழுதுபோகாமல் கடையில் உட்கார்ந்து, கணக்கு மேசைக் கணினியில் ஒரு இறுவட்டைப் போட்டான். முதலில் கோழிகள் கத்துவது போல ஒரு சத்தம், அதன் பின்னால் உறுமி. ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த அடிவயிற்று முனகலை நான் வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டேன். கையில் இருந்த அட்டைப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அதன் மீதே அடியைத் தொடர்ந்தேன்.

"அண்ணை, இது என்ன மேளமெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அவன் கேட்டான்.

"எங்க அப்பா கூட்டத்துல இருக்கு, தம்பி" என்றேன்.

அவன் நம்பவில்லை. அவனுக்கு அது இலண்டனின் ஆகப் புதிய இசை. எனக்கு அது, தேநீர்க் கோப்பை அடுக்க வைத்த அதே இரைச்சல். அந்தப் பாடல் 'பேர்ட் ஃப்ளூ' என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்த இளைஞன் ஊர் திரும்பும் முன் இறுவட்டை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அதன் பிறகு அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். மாயாவின் முழுப்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். 1975 இல் இலண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, போர்ச் சூழலில் பத்து, பதினொரு வயதில் மீண்டும் இலண்டனுக்கு அகதியாகப் போனவர். 2005 இல் வந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் பெயரான 'அருளர்', 2007 இல் வந்த இரண்டாவதற்குத் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த தாயின் பெயரான 'கலா'. இரண்டாவதை அமெரிக்காவில் இருந்து செய்யத்தான் எண்ணியிருந்தார். விசா சிக்கலால் அங்கே நுழைய முடியாமல் போகவே, இந்தியா, திரினிடாட், லைபீரியா, ஜமேக்கா, அவுஸ்திரேலியா என்று போன இடமெல்லாம் பதிவு செய்தார். சென்னையில் உறுமிக்காரர்களைத் திரட்டினார், அந்தத் தாளத்தின் மேல்தான் 'பாய்ஸ்' நிற்கிறது. 'பம்பூ பங்கா'வுக்குள் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து எடுத்த துண்டு இருக்கிறது. 1991 முதல் எங்கள் தோட்டத்துக் கல்யாண ஒலிபெருக்கிகளில் தேய்ந்த பாட்டு அது! அவுஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் குரல் ஒரு பாட்டில், நைஜீரியப் பின்னணி கொண்ட இலண்டன் இளைஞனின் குரல் இன்னொன்றில், எண்பதுகளின் இந்தி டிஸ்கோப் பாட்டு ஒன்றின் மறுபாடல் வேறொன்றில்.

விமர்சகர்கள் ஏன் கொண்டாடினார்கள் என்றால், என் சிற்றறிவுக்குப் பட்டவரை, இவை ஒன்றையும் அவர் மெருகு போட்டுப் பணிய வைக்கவில்லை. உலக இசை என்ற பெயரில் நம்முடைய மேளங்களைப் பின்னணியில் மெல்ல ஒலிக்கவிட்டு, முன்னால் ஒரு கித்தாரை உட்கார வைப்பதுதான் அதுவரை நான் கேட்ட வழக்கம். இதில் உறுமி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது, பாடகியின் குரல் அதற்கு வழிவிட்டு ஒதுங்குகிறது. 'ரோலிங் ஸ்டோன்' இதழ் இதை 2007 ஆம் ஆண்டின் முதலாவது தொகுப்பாகத் தேர்ந்தது. 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டு அமெரிக்கப் பில்போர்ட் ஹொட் 100 பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறி, கிராமி விருதின் ஆண்டின் சிறந்த பதிவு என்ற பிரிவுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. துப்பாக்கி வெடிப்பதையும் காசுப்பெட்டி திறப்பதையும் தாளமாக வைத்து, புலம்பெயர்ந்து வருகிறவர்களை மற்றவர்கள் எந்தக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்று கேலி செய்யும் பாட்டு அது. அதன் அடியில் ஓடும் இசை, 'தி கிளாஷ்' குழு 1982 இல் வெளியிட்ட பாட்டிலிருந்து எடுத்தது, அதுவும் எந்த நாடும் ஏற்காத பிள்ளைகளையும் வந்தேறிகளையும் பற்றியதுதான். அது தெரிந்த பிறகு இந்தக் கலவையைக் கண்மூடித்தனமான ஒட்டுவேலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விசாவுக்காக அலைந்தவரின் பாட்டை நான் கேட்ட காலத்தில், போர் காரணமாக, எங்கள் மலையகத்து அட்டனில் இருந்து கொழும்புக்கு வருவதற்கே அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நான் சார்பாகப் பேசுகிறேன் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவருடைய அரசியல் பேச்சுகளைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்லவில்லை, அதற்காகச் சண்டைக்கு வருபவர்கள் வேறு பதில்களுக்குக் கீழே இடம் தேடிக்கொள்ளட்டும். தொகுப்பில் எல்லாமே தேறும் என்றும் நான் சொல்லவில்லை. சில பாட்டுகளில் எனக்கு ஆர்வம் குறைந்துவிடும். இன்னொரு குறையும் உண்டு. நான் வாசித்த விமர்சனங்களில் தயாரிப்பாளர்களின் பெயர்கள் வரிக்கு வரி வந்தன, உறுமி அடித்தவர்களோ 'உள்ளூர் மேளக்காரர்கள்' என்ற ஒரே சொல்லில் முடிந்துபோனார்கள். அது எங்களுக்குப் பழகிய மரியாதைதான். 'இலங்கைத் தமிழ்ப் பாடகி' என்று உலகம் பேசியபோது எங்களிடம், "ஓ, நீங்களும் அவருடைய ஆட்களா?" என்று சிலர் கேட்டார்கள். அவர்களே குடிசன மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்தால், முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்பதால், மலையகத் தமிழரான எங்களை 'இந்தியத் தமிழர்' என்ற கட்டத்துக்குள் போடுவார்கள். பாட்டில் ஒலிப்பது எந்தக் கட்டத்துத் தாளம் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

அந்த மாசியில் காமன் கூத்துக்கு ஊருக்குப் போனபோது, 'பாய்ஸ்' பாட்டைக் கைத்தொலைபேசியில் ஏற்றிக்கொண்டு போய் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். பாட்டில் வரும் பெண் என்ன சொல்கிறாள் என்று அவர் கேட்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை கேட்டார்.

"உறுமிக்காரனுங்க நல்லாத்தான் அடிக்கிறானுங்க. ஆனா உறுமி மட்டும் தனியா கத்துது. அதுக்குப் பதில் சொல்லத் தப்பு எங்கடா?" என்றார்.

பத்திரிகைகளில் நான் வாசித்த எந்த விமர்சனமும் இதைச் சொல்லவில்லை. பிறகு அவர் தப்பை எடுத்து அடுப்படியில் காய்ச்சினார், தோல் இறுகியதும் வாசற்படியில் உட்கார்ந்து, "திரும்பப் போடு" என்றார். பாட்டு மூன்றரை நிமிடத்தில் முடிந்தும் அப்பா நிறுத்தவில்லை. நான் மறுபடியும் போட்டேன். மூன்றாவது முறை ஓடும்போது கீழ் லயத்தில் இருந்து ஒருவர் மேலேறி வந்து, சற்று நேரம் நின்று கேட்டுவிட்டு, குழம்பிப்போய்ச் சொன்னார்:

"என்ன அண்ணே, சாவு அடியும் இல்ல, சாமி அடியும் இல்ல, கூத்து அடியும் இல்ல. என்னத்துக்குத்தான் அடிக்கிறீங்க?"

அப்பா கையை நிறுத்தாமல், படியில் கிடந்த என் கைத்தொலைபேசியைத் தாடையால் காட்டினார்.