யார் மனமும் நோகாமல் என்றால்?

கேள்வி: எனக்கு 36 வயது. தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். மூன்று வருடத்தில் 14 கிலோ கூடிவிட்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் பெரியம்மா எல்லார் முன்னாலும் "என்னடி இப்படிப் பெருத்துட்டே?" என்று ஆரம்பித்துவிடுகிறார். தம்பியிடம் வருத்தப்பட்டால் "நல்லதுக்குத்தானேக்கா சொல்றாங்க" என்கிறான். கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் என் உடம்புதான் ஓயாத ஜோக். தைராய்டு பற்றி எடுத்துச் சொல்லியும் பலனில்லை. இப்போதெல்லாம் போட்டோ எடுக்கும்போது பின்வரிசைக்குப் போய்விடுகிறேன். போன வாரம் என் 9 வயது மகள், பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். யார் மனமும் நோகாமல் இவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: "யார் மனமும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியம்மா, தம்பி, தோழிகள் எல்லாரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். மூன்று வருடமாக நொந்துகொண்டிருக்கும் ஒருவரை மட்டும் காணோம். அவரையும் சேர்த்துக்கொண்டுதான் பதில் சொல்லப் போகிறேன். அதனால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் நோகலாம். நோகட்டும்.

முதலில், தைராய்டைக் காரணம் சொல்வதை நிறுத்துங்கள். நீங்கள் காரணம் சொன்னதும் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். "எத்தனை பவர் மாத்திரை? ஒழுங்கா போடுறியா? எங்க நாத்தனாருக்கும் தைராய்டுதான், அவ இப்படி ஊதலையே?" என்று விசாரணை நீளும். உங்கள் உடம்பைப் பற்றிப் பேச அவர்களுக்கு நீங்களே இன்னும் பத்து நிமிடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தைராய்டு குறைவால் மட்டும் கூடும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ வரைதான், அதிலும் பாதிக்கு மேல் உடலில் தங்கும் உப்பும் நீரும் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இது தெரிந்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தால், உங்களைப் பொய் சொல்கிறவராக்கிவிடுவார். நீங்கள் பொய் சொல்லவில்லை. தூக்கக் குறைவு, மன அழுத்தம், பரம்பரை உடல்வாகு, ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள் என்று எடை கூட எத்தனையோ வழி இருக்கிறது. தைராய்டு அளவு சரியாக இருக்கிறதா என்று காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது. விசேஷ வீட்டு வாசலில் நின்று நிரூபிக்க வேண்டியதில்லை.

சரி, பெரியம்மா. அவர் வயதில் பலருக்கு ஆளைப் பார்த்ததும் உடம்பைச் சொல்வதுதான் நலம் விசாரிப்பு. இளைத்திருந்தால் "என்ன துரும்பா போயிட்டே", பெருத்திருந்தால் "என்ன சதை போட்டுட்டே". கெட்ட எண்ணம் இருக்காது என்றே நானும் நம்புகிறேன். ஆனால் கெட்ட எண்ணம் இல்லாமல் மிதித்தாலும் கால் வலிக்கத்தான் செய்யும். வலிக்கிறது என்று அவரிடம் தெளிவாக ஒருமுறையாவது சொல்லியிருக்கிறீர்களா? தைராய்டைச் சொல்லியிருக்கிறீர்கள். வலியைச் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை.

கூட்டத்தில் வேண்டாம். அடுத்த விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் போன் போடுங்கள். "பெரியம்மா, உங்களைப் பார்க்கணும்னு ஆசையா வரேன். வந்ததும் என் உடம்பைப் பத்திப் பேச்சு வந்தா, அன்னிக்குப் பூரா என்னால சாதாரணமா இருக்க முடியலை. இனிமே அது வேண்டாம்." அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று நீட்டாதீர்கள். அப்புறம் அவர் முழங்கால் வலியையோ பேரன் படிப்பையோ விசாரியுங்கள். உடம்பை விட்டால் உங்களிடம் வேறு என்ன கேட்பது என்று அவருக்கும் ஒரு வழி தெரிய வேண்டும் அல்லவா?

பழக்கம் லேசில் போகாது. வாசலில் பார்த்ததும் மறுபடி வாய் வரும். "பெரியம்மா, போன்ல பேசினோமே" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்துவிடுங்கள். மூன்று நான்கு தடவை ஆகலாம்.

தம்பியின் "நல்லதுக்குத்தானே" எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள், இங்கிலாந்தில் 50 வயது தாண்டிய ஏறத்தாழ 3,000 பேரை நான்கு வருட இடைவெளியில் எடை பார்த்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எடைக்காகத் தங்களை மட்டமாக நடத்துகிறார்கள் என்று சொன்னவர்களுக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கூடியிருந்தது. அப்படிச் சொல்லாதவர்களுக்குச் சற்றே குறைந்திருந்தது. மட்டமாக நடத்தியதால்தான் கூடியது என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் குத்திக் காட்டினால் இளைப்பார்கள் என்கிறவர்களுக்கு இதில் ஒரு ஆதாரமும் கிடையாது. உங்கள் நன்மை மேல் அவ்வளவு அக்கறை இருந்தால், மகளை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். தம்பியிடம் இதை இப்படியே கேட்கலாம்.

தோழிகள் விஷயத்தில் நீங்களும் கொஞ்சம் பொறுப்பு. அந்த ஜோக்குகளுக்கு நீங்களும் சிரிப்பு எமோஜி போட்டிருப்பீர்கள், இல்லையா? இனி போடாதீர்கள். அடுத்த தடவை, "இந்த ஜோக் எனக்குப் பிடிக்கலை. விட்டுடுங்க" என்று குழுவிலேயே எழுதுங்கள். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். "சும்மா விளையாட்டுக்குடி" என்று ஒருத்தி எழுதுவாள். அந்த நேரத்தில் "பரவாயில்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அத்தனையும் வீணாகிவிடும். யாராவது ஆறுதலாகத் தனியாக உங்களுக்குச் செய்தி அனுப்பினால் அவள் நட்பை விட்டுவிடாதீர்கள்.

நான் ஒருமுறை செய்த தவறையும் இங்கே சொல்லியாக வேண்டும். பல வருடம் முன்னால், நீண்ட விடுப்பில் இருந்து வந்த சக ஊழியர் ஒருவரை மாடிப்படியில் பார்த்தேன். "அடேயப்பா, நல்லா இளைச்சுட்டீங்களே, என்ன ரகசியம்?" என்று உற்சாகமாகக் கேட்டேன். புறங்கை வரை இறங்கியிருந்த கைக்கடிகாரத்தை அவர் மெதுவாக மணிக்கட்டுக்கு ஏற்றிவிட்டு, "கீமோ" என்றார். முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது எனக்கு அதற்கு அப்புறம்தான் தெரியும். நான் அதைப் பாராட்டிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து யார் உடம்பைப் பற்றியும் நல்லதாகக்கூட நான் எதுவும் சொல்வதில்லை.

உங்களிடமும் கேட்கிறேன். யாராவது இளைத்து வந்தால், "சூப்பரா ஆயிட்டே" என்று மகள் காதுபடச் சொல்கிறீர்களா? இளைத்தால்தான் பாராட்டு என்று குழந்தை கற்றுக்கொள்ள அது போதும். பெரியம்மா உங்களைக் கேட்டதும், நீங்கள் பின்வரிசைக்கு நகர்ந்ததும் அவள் கண் முன்னால்தான் நடந்திருக்கின்றன. அந்தப் பை அங்கிருந்து வந்தது.

அதனால் அவள் விஷயத்தில் மட்டும் போன், தனிமை, பக்குவம் எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். அவள் முன்னால் அவள் உடம்பைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும், பெரியம்மாவே ஆனாலும், அங்கேயே, அவள் காதில் விழும்படி "என் பொண்ணு உடம்பைப் பத்தி யாரும் பேச வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அடுத்த போட்டோவுக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசைக்கு வாருங்கள். பையை வாங்கி நாற்காலியில் வைத்துவிட்டு, நீங்களும் கையில் எதுவும் இல்லாமல் நில்லுங்கள்.