அப்பாவின் முகம் டிவியில் அப்பாவின் முகமாகத் தெரிய

கேள்வி: அப்பாவுக்கு அடுத்த மாதம் சதாபிஷேகம். பழைய ஆல்பத்தில் இருந்த 110 படங்களை மொபைலில் எடுத்து, பென் டிரைவில் போட்டு டிவியில் ஓடவிட்டுப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம் நீலம் பாய்ந்து தெரிகிறது. கலர் படங்களில் முகமெல்லாம் செக்கச்சிவப்பு. சில படங்களில் தலை வெட்டுப்படுகிறது. வரிசையும் குழம்புகிறது. தம்பி ஐபோனில் எடுத்தவை திறக்கவே இல்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, காரைக்குடி

பதில்: டிவியில் கோளாறு இருக்காது. பிக்சர் மோட் 'விவிட்' அல்லது 'டைனமிக்'கில் இருக்கும், பாருங்கள். கடையின் பளீர் வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரிவதற்கான மோட் அது. வண்ணங்களைத் தூக்கிக் காட்டும், வெள்ளையில் நீலத்தை ஏற்றும். கிரிக்கெட் பார்க்கும்போது உறுத்தாது. நம் வீட்டு முகங்களுக்கு ஒத்தே வராது.

என் அப்பாவின் முதல் திவசத்தன்று, வந்த சொந்தங்களுக்குக் காட்ட நானும் இப்படித்தான் படங்களைப் போட்டேன். 1971-ல் ஸ்டூடியோவில் எடுத்த படத்தில் அவர் வேட்டி, சொட்டு நீலம் கூடிப்போனது போல இருந்தது. பிக்சர் மோடை 'மூவி'க்கு மாற்றினேன் (சில டிவிகளில் 'சினிமா' என்றிருக்கும்). அப்புறம் கலர் டெம்பரேச்சரை 'வார்ம்' என்று வைத்தேன். மாற்றியதும் திரை பழுப்பேறி மங்கினது போலத் தோன்றும். அவசரப்பட்டுப் பழையபடி வைத்துவிடாதீர்கள், பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும். அடுப்படியிலிருந்து வந்த அம்மா, ஈரக்கையோடு நின்று பார்த்துவிட்டு, "இதான்டா அவரு நெறம்" என்றார்.

ஷார்ப்னெஸையும் நன்றாகக் குறையுங்கள். எழுபது, எண்பதுகளின் கலர் பிரிண்டுகள் பல, சொரசொரப்பான தாளில் போட்டவை. ஷார்ப்னெஸ் கூடினால் அந்தச் சொரசொரப்பு கன்னத்தில் புள்ளி புள்ளியாக எழும்பி நிற்கும்.

தலை வெட்டுப்படுவதற்குக் காரணம் 'ஜூம்'. அகலத்துக்கும் உயரத்துக்குமான விகிதம் மொபைல் படத்தில் பெரும்பாலும் 4:3, டிவி திரையில் 16:9. பிக்சர் சைஸில் ஜூமை எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும், தாத்தாவின் தலைப்பாகை முழுசாகத் தெரிவதுதான் முக்கியம்.

தம்பியின் படங்கள் ஹெச்.இ.ஐ.சி. வகையில் இருக்கும். 2017-லிருந்து ஐபோன்கள் அப்படித்தான் சேமிக்கின்றன, பல டிவிகளுக்கு அது புரியாது. எடுத்தவற்றை ஜேபிஜியாக மாற்றித் தரச் சொல்லுங்கள். இனி எடுப்பதற்கு, செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைத்தால் சரி. வரிசைக்கு, கம்ப்யூட்டரில் 001, 002 என்று பெயர் மாற்றுங்கள். வெறும் 1, 2 என்று வைத்தால் பல டிவிகள் 1-க்கு அடுத்து 10-ஐக் காட்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு படத்துக்கு ஐந்து விநாடி என்று வைக்காதீர்கள். இருப்பதிலேயே அதிக நேரத்தைத் தேர்ந்தெடுத்து, ரிமோட்டைப் பேத்தி ஒருத்தியிடம் கொடுத்து அப்பாவின் பக்கத்தில் உட்கார வையுங்கள். "இது யாரு, பின்னால நிக்கிறது?" என்று அவர் கேட்டால் அவள் படத்தை நிறுத்திவைக்கும் 'பாஸ்' பட்டனை அழுத்தட்டும். அவர் சொல்லி முடித்த பிறகு அடுத்த படம் வரட்டும்.