திருவிருந்துக்கு எழுந்து போகாத ஞாயிறு

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடிப் பக்கம் ஒரு சிற்றூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கல்லாவுக்கு மேலே வசன காலண்டர் தொங்கும். கடை திறந்ததும் ஜெபித்துவிட்டுத்தான் வியாபாரம். போன மாதம் ஒருநாள், கடையில் வேலை பார்க்கும் அக்கா இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார்கள். சாமான் வாங்க வந்தவர்கள் முன்னாலேயே கண்டபடி பேசிவிட்டேன். அரைநாள் கூலியையும் பிடித்துக்கொண்டேன். நின்றிருந்தவர்களில் ஒருவர், "நீங்க வேதக்காரங்கதானே?" என்று கேட்டுவிட்டார். அந்த ஞாயிறு கோவிலில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்துக்கு எழுந்து போகக் கால் வரவில்லை. அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், வாங்கிவிடுவேனோ என்று பயம். இந்த மாதமும் போகவில்லை. அன்றாட வாழ்வில் உண்மையான கிறிஸ்தவளாக இருப்பது எப்படி? இன்னும் அதிகமாக ஜெபிக்க வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கால் எழவில்லை என்பதே எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஒன்றும் நடக்காததுபோலப் போய் நின்றிருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன். ஆனால் 'அபாத்திரமாய்' என்ற சொல் எங்கே வருகிறது என்று ஒருமுறை பாருங்கள். அப்போஸ்தலன் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், 11-ஆம் அதிகாரம். மனசுக்குள் ஏதோ அசுத்தம் இருந்தால் வாங்கக் கூடாது என்றுதான் சிறுவயதிலிருந்து நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பவுல் அங்கே பேசுவது சாப்பாட்டைப் பற்றி. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவன் பசியாய் இருக்கிறான், ஒருவன் குடித்து வெறித்துக் கிடக்கிறான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கோபமாகவே கேட்கிறார். அந்த இல்லாதவர்கள் வேலை முடித்துத் தாமதமாக வந்த கூலிக்காரர்களும் அடிமைகளுமாக இருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. பவுல் கடைசியில் சொல்லும் தீர்வு மிக எளியது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

தாமதமாக வந்த அந்த அக்காவை நினைத்துக்கொண்டு இதை இன்னொருமுறை வாசியுங்கள்.

நம் சபைகளுக்கும் இந்த நோய் புதிதல்ல. யார் எங்கே உட்காருவது, திருவிருந்துப் பாத்திரத்தில் யார் முதலில் குடிப்பது என்று சாதி பார்த்தார்கள். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் அதை அடியோடு விடச் சொல்லி எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஜெபிக்கத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். ஞானப்பாட்டு முழுவதையும் மனப்பாடமாகப் பாடக்கூடியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

அதனால் ஜெபத்தைக் கூட்டுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு இயேசுவிடம் பேசியது பணத்தைப் பற்றித்தான். பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்றான். இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது அதற்கு அப்புறம். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரைகூட உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது வேதத்தில் லேவியராகமம். அந்த அரைநாள் கூலி உங்கள் கல்லாவில் ஒரு மாதமாக இருக்கிறது.

எங்கள் ஊரில் திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை நடக்கும். அதற்குக் கிளம்பும் முன் அம்மா தெருவில் ஒரு சுற்று போய்வருவார். மீன்காரம்மாவுக்கு வைத்த பாக்கியைக் கொடுப்பார். யார் வீட்டோடாவது பேச்சு நின்றுபோயிருந்தால், அந்த வாசலில் போய் நின்று, "நாளைக்குத் திருவிருந்து, அதான் வந்தேன்" என்பார். சில வீடுகளில் உள்ளே கூப்பிடக்கூட மாட்டார்கள். முகம் சுருங்கித் திரும்பிவருவார். ஆனாலும் அடுத்த மாதம் அதே வாசலுக்குப் போவார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனத்தை நான் படித்தது பின்னால்தான். அதைப் பார்த்தது அம்மாவின் நடையில்.

நாளைக்கே பிடித்த கூலியைக் கொடுத்துவிடுங்கள். சாமான் வாங்க ஆட்கள் நிற்கும் நேரமாகப் பார்த்து, நாலு பேர் முன்னால் ஏசியதற்கு நாலு பேர் முன்னாலேயே மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம், அன்றைக்கு ஏன் தாமதம் என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. நீங்கள் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

அவர்கள் ஒன்றும் பேசாமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். மன்னிக்க அவர்களுக்கு நாளாகலாம். அதற்காக அடுத்த மாதத் திருவிருந்தையும் தள்ளிப்போடாதீர்கள், போங்கள்.

அன்புடன்.